உள்ளங்கையில் அணைந்த சூடம்

சென்னை
12-6-1979

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சென்னிமலை வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். விடுதிச் சாப்பாட்டைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் மாமாவும் சுகமா? உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

சேலத்து அறக்கட்டளையின் நேர்முகத்துக்குப் போய் வந்தேன். நம் மாவட்டத்தில் கரும்பிலும் லாரியிலும் பெரிய ஆளானவர்கள் சேர்ந்து நடத்துவது. முனைவர் பட்டம் முடியும் வரை உதவித்தொகை தருவார்களாம். ஆனால் இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு மட்டும்தான். அதற்குள் நான் கொடுக்கும் அறிக்கையில் புதிதாக ஏதாவது இருந்தால்தான் மீதி. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நாமக்கல்லில் லாரி ஆபீசில் பில் எழுத வேண்டியதுதான். அப்பா அதற்கு இப்போதே ஆள் பார்த்து வைத்திருக்கிறார்.

என்னதான் ஆராய்ச்சி என்று போன தடவை கேட்டாய். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. கொலை வழக்குகளில் போலீசிடம் ஒன்று சொன்ன சாட்சி, கூண்டில் ஏறியதும் ‘நான் எதையும் பார்க்கவில்லை’ என்று மாற்றிச் சொல்வார். அவருக்குப் பிறழ்சாட்சி என்று பெயர். அதோடு வழக்கு விழுந்துவிடும். ஏன் மாற்றிச் சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. சேலம் கோர்ட்டுத் தீர்ப்புகளைக் கட்டுக்கட்டாகப் படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் ‘சாட்சி பிறழ்ந்துவிட்டார்’ என்று ஒரே வரி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அதில் உங்கள் அகத்திப்பாளையத்துச் செங்கோடன் வழக்கும் இருக்கிறது. கந்தவேலும் அவர் மகன்களும் விடுதலையான வழக்கு. செங்கோடனின் மனைவி குப்பாயிதான் இரண்டாம் சாட்சி. அவளே மாற்றிச் சொல்லியிருக்கிறாள். கட்டிய புருஷன் செத்ததைக் கண்ணால் பார்த்தவள் ஏன் மாற்றிச் சொன்னாள்? அவள் உன் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளத்தானே வருகிறாள்? நீ கேட்டால் சொல்வாள், அக்கா.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
சென்னிமலை


அகத்திப்பாளையம்
3-7-1979

அன்புத் தம்பிக்கு அக்கா வள்ளியாத்தாள் ஆசீர்வாதம். நானும் உன் மாமாவும் சுகம். மூட்டுவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆற்றில் இன்னும் புதுத் தண்ணீர் வரவில்லை. கொடி வாடுகிறது.

உன் கடிதத்தை மாமா கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன். கந்தவேல் யாரென்று மறந்துவிட்டாயா? மாமாவுக்குப் பெரியப்பா மகன். எங்கள் கொடிக்காலுக்கு அவர்கள் வயல் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது. முடிந்துபோன வழக்கை நீ எதற்குக் கிளறுகிறாய்? எழுத வேறு விஷயமா இல்லை? இங்கே வாரம் தவறாமல் கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதைப் பற்றி எழுது. ஊரே உனக்கு மாலை போடும்.

பில் எழுதினால் என்ன, கை தேய்ந்தா போகும்? பக்கத்தில் இருந்தால் நினைத்தபோது உன்னைப் பார்ப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. போன தடவை உன் கழுத்தெலும்பு தெரிந்தது.

அக்கா
வள்ளியாத்தாள்


சென்னை
19-7-1979

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகம். நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். புதுத் தண்ணீர் வந்ததா?

மோட்டார் கம்பி பற்றி நீ எழுதியதைப் படித்து விடுதியே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மூன்று மாவட்டம் சுற்றிவிட்டேன் அக்கா. ஒரு சாட்சியும் வாய் திறக்கவில்லை. பேராசிரியர் நேற்று, “தீர்ப்பைப் படிக்க நீ எதற்கு, குமாஸ்தா போதுமே” என்றார். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

விடுதலையானவர்கள் மேல் அதே வழக்கை மறுபடி போட முடியாது. அதனால் குப்பாயி பேசினால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை, அவளுக்கும் கெடுதல் இல்லை. பெயர் போட மாட்டேன். ஊர் போட மாட்டேன். உன் தலையில் கை வைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்.

நான் படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டவள் நீதான். பாதியில் விடச் சொல்கிறாயா?

உன் தம்பி
சென்னிமலை


அகத்திப்பாளையம்
8-9-1979

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். சுகம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கொடி தழைத்திருக்கிறது. பதில் எழுத ஏன் இவ்வளவு நாள் என்று கோபிக்காதே. கேட்பதா வேண்டாமா என்று எனக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீ அழுததாக எழுதியதுதான் என்னைக் கேட்க வைத்தது.

மாமா கரூர் சந்தைக்குப் போன நாளில் கொடிக்காலுக்குள் வைத்துக் கேட்டேன். குப்பாயி கிள்ளிய வெற்றிலையை அடுக்குவதை நிறுத்தவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“எங்கூட்டுக்காரரு களவாங்கலீங்க சாமி. ராத்திரிக் காவலுக்குப் போனப்ப, பெரியூட்டுச் சின்னப் பையனே வெத்தலையக் கிள்ளி வித்ததக் கண்ணால பாத்துப்போட்டாரு. அப்பனுக்குத் தெரியாம விக்கறானேன்னு கந்தவேல் அய்யன்கிட்டப் போயிச் சொன்னாருங்க. சொன்னதுக்குத்தான் அவரையே களவாணியாக்கி, அகத்தி மரத்துல கட்டி வெச்சு அடிச்சாங்க. நாங் கால்ல உழுந்து கெஞ்சறப்பவே தலை தொங்கிப் போச்சுங்க. அப்பறந்தான் கெணத்துல போட்டாங்க.”

“கோர்ட்டில் ஏன் மாற்றிச் சொன்னாய்?” என்றேன்.

வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் காசு அளவுக்குத் தோல் சுருங்கி வெளுத்திருந்தது. இத்தனை நாள் அவள் கையால் வெற்றிலை வாங்கியிருக்கிறேன், கவனித்ததே இல்லை.

நம் ஓமலூர்ப் பக்கம் சத்தியம் என்றால் சூடத்தைக் கொளுத்தித் தாண்டுவார்களே, இங்கே அப்படி இல்லையாம். கொடிக்கால் கருப்பணார் முன்னால் வெற்றிலை மேல் சூடத்தைக் கொளுத்தி வைப்பார்கள். சத்தியம் செய்கிறவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்து, அணையும் வரை அமுக்க வேண்டும். வழக்குக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிப்போய் அமுக்க வைத்திருக்கிறார்கள். “குடிச்சுட்டு வந்து கெணத்துல உழுந்துட்டாருன்னுதான் சொல்லோணும்” என்று சத்தியம்.

“போலீசுல சொன்னது நெசமுங்க. கோர்ட்டுல சொன்னது கருப்பணாருக்குங்க” என்றாள்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். “தம்பி எழுதுனா அது எங்கீங்க போகும்?” மெட்ராசில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள், இங்கே யார் கண்ணிலும் படாது என்றேன். “அப்பச் செரீங்க. எங்கூட்டுக்காரரு களவாணி இல்லீன்னு எங்கயோ ஒரு மூலைல எழுதியிருந்தாப் போதுமுங்க. ஊருக்குள்ள எம்பொழப்புக்கு வேற என்னங்க வேணும்?”

நான் சொன்ன வார்த்தையை நம்பித்தான் அவள் பேசினாள். அதை மறந்துவிடாதே.

அக்கா
வள்ளியாத்தாள்


சென்னை
28-12-1979

அன்புள்ள அக்காவுக்கு,

ஆயிரம் வணக்கம். உன் தம்பி இப்போது தரையில் நடக்கவில்லை. மாமாவுக்கும் உனக்கும் உடம்பு நலந்தானே?

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். உதவித்தொகை பட்டம் முடியும் வரை உறுதியாகிவிட்டது! கோர்ட்டுச் சத்தியமும் கோயில் சத்தியமும் மோதும்போது நம் மக்கள் எதற்குக் கட்டுப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். வெற்றிலை மேல் சூடத்தை உள்ளங்கையால் அமுக்கும் பகுதியைப் பேராசிரியர் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். “இது எந்தப் புத்தகத்திலும் இல்லையே” என்று தோளில் தட்டினார். அந்த நிமிடம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். குப்பாயி என்று எங்கும் இல்லை, ‘சாட்சி எண் இரண்டு’ என்றுதான் இருக்கிறது. அகத்திப்பாளையம் ‘காவிரிக் கரைக் கிராமம்’ ஆகிவிட்டது. வெற்றிலையைக் கூடக் கரும்பாக்கிவிட்டேன், சத்தியம் செய்யும் இடத்தைத் தவிர. செங்கோடன் திருடவில்லை என்பதைத் தனிப் பத்தியாக எழுதியிருக்கிறேன். பொங்கலுக்குச் சேலத்தில் விழா. அறிக்கையை அச்சடித்து நன்கொடையாளர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று தருகிறார்களாம்.

பஸ் பார்சலில் இரண்டு சேலை வரும். மயில் கழுத்து நிறம் உனக்கு. அரக்குக் கரை போட்டது குப்பாயிக்கு.

உன் தம்பி
சென்னிமலை


சென்னை
10-2-1980

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சுகம். பொங்கலுக்கு முன் எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. சேலைகள் வந்து சேர்ந்தனவா? உனக்கு உடம்புக்கு ஏதாவதா? மாமா நலமா? விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். கந்தவேலின் சம்பந்தி, மோகனூர்க்காரர், நன்கொடையாளர்களில் ஒருவராம். தானாக வந்து கை கொடுத்தார். அவர் அறக்கட்டளையில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். சிரித்த முகமாகத்தான் பேசினார்.

ஒரு கார்டாவது போடு.

சென்னிமலை


அகத்திப்பாளையம்
21-2-1980

தம்பிக்கு,

மாமா வெளியே போயிருக்கிறார். அவசரமாக எழுதுகிறேன். நான் சுகமாக இல்லை.

அந்த மோகனூர்க்காரர் உன் புத்தகத்தோடு நேராக இங்கே வந்தார். எங்கள் வாசலில் நின்றுதான் கந்தவேலிடம் கேட்டார். “வெத்தலைல சூடம் வெச்சுக் கையில அமுக்கறது உங்க கருப்பணார் கோயில்ல மட்டுந்தானுங்களே சம்பந்தி? எங்க பக்கமெல்லாஞ் சத்தியம்னா துண்டு போட்டுத் தாண்டறதுதானுங்களே. எந்த ஊருன்னு எழுதாட்டியென்ன, இதுலயே ஊரு பேரு எல்லாமிருக்குதே.” மாமா என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

இங்கே வாழ வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அது தெரியாது தம்பி. ஆற்றங்கரைக் கோயில்களில் எல்லாம் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். நாம் இரண்டு பேரும் ஓமலூர்க்காரர்கள். பேரை மறைத்தோம், ஊரை மறைத்தோம், சூடத்தை மறைக்கத் தெரியவில்லை.

தை அமாவாசைக்குப் பிறகு ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் மேட்டில் குப்பாயி முன்னால் போனாள். கந்தவேலின் மகன்கள் இருவரும் பின்னால். “இந்நேரத்துல எங்க போற?” என்று கேட்டேன். “கருப்பணாரு கோயிலுக்குங்க சாமி. மறுக்காச் சத்தியம் பண்ணோணுமாமுங்க” என்றாள். நீ அனுப்பிய அரக்குக் கரைச் சேலையைக் கட்டியிருந்தாள். கோயிலுக்கென்று நல்ல சேலையாக எடுத்துக் கட்டியிருக்கிறாள் பாவி.

மறுநாள் காலையில் வாய்க்கால் மதகில் கோரைக்குள் கிடந்தாள்.

தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வீடு வீடாக விசாரித்து வந்தார். மாமா பக்கத்தில் நின்றார். இருந்தும் நான் பார்த்ததைச் சொல்லிவிட்டேன், தம்பி. எழுதிக்கொண்டு போனார். பையன்கள் இரண்டு பேரையும் பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மாமா என்னோடு பேசுவதில்லை. கொடிக்காலுக்குத் தண்ணீரும் வருவதில்லை.

என் வார்த்தையை நம்பினாள். எனக்கு நெஞ்சு வேகிறது.

வள்ளியாத்தாள்


சென்னை
27-2-1980

அன்புள்ள அக்கா,

என்னவென்று எழுதுவேன்? எழுதியது என் கைதான். பேராசிரியர் தட்டிய தோள் எரிகிறது.

நீ செய்ததை நூற்றில் ஒருவர்கூடச் செய்ய மாட்டார். ஆனால் போலீசிடம் சொன்னது மட்டும் போதாது அக்கா. கோர்ட்டில் ஏறி அதையே சொன்னால்தான் செல்லும். இத்தனை வழக்கும் விழுந்தது அந்த இடத்தில்தான். யார் கூப்பிட்டாலும் கோயிலுக்குப் போகாதே. ஓமலூருக்கு வந்துவிடேன்.

நானும் சாட்சி சொல்வேன். அறிக்கை என்னுடையது, அதில் பேசியவள் குப்பாயிதான், அவளைக் கொல்ல அவர்களுக்கு அதுதான் காரணம் என்று சொல்வேன். நீ செப்டம்பரில் எழுதிய கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதையும் கொண்டு வருவேன். உதவித்தொகை போனால் போகட்டும். நீ கூண்டில் ஏறும் நாளில் நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்.

தைரியமாக இரு.

உன் தம்பி
சென்னிமலை


அகத்திப்பாளையம்
4-10-1980

மாப்பிள்ளை சென்னிமலைக்கு மாமா சின்னண்ணன் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். மாமனார், மாமியார் நலமென்று ஓமலூரிலிருந்து தகவல் வந்தது.

உங்கள் அக்காவுக்கு அடுப்படியில் கையில் சூடு பட்டுவிட்டது. வலது உள்ளங்கை மட்டும். விரல்களுக்கு ஒன்றுமில்லை. ஆறும் வரை எழுத முடியாது என்பதால் நான் எழுதுகிறேன். நீங்கள் கோடையில் எழுதிய கடிதங்கள் வந்தன. உங்கள் அக்காவுக்கு வாசிக்க நேரமில்லை.

கொடிக்காலுக்குத் தண்ணீர் வருகிறது. பங்காளிகள் ராசியாகிவிட்டோம்.

அடுத்த மாதம் சேலத்தில் வழக்கு. நீங்கள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. கந்தவேல் அண்ணன் உங்களைப் பற்றி விசாரித்தார். நல்ல படிப்பாளி, வெளிநாடு அனுப்பிக்கூடப் படிக்க வைக்கலாம், சம்பந்தியிடம் சொல்கிறேன் என்றார். மனத்தில் எதையும் வைத்துக்கொள்கிறவர் இல்லை.

உங்கள் அக்கா எழுதிய பழைய கடிதங்கள் இருந்தால் அனுப்பிவிடவும். வீட்டு விஷயம் வீட்டில் இருப்பது நல்லது.

சின்னண்ணன்


சென்னை
2-12-1980

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம், உன் நலத்துக்கு வேண்டுகிறேன். கைப் புண் ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெய் தடவு. மூட்டுவலி எப்படி? கார்த்திகை மழை அங்கே உண்டா? இங்கே ஒரே அடைமழை. போன மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல். ரயிலுக்கு டிக்கெட்டும் கிடைக்கவில்லை. அதனால்தான் வர முடியவில்லை.

ஆராய்ச்சித் தலைப்பைச் சற்று மாற்றியிருக்கிறேன். அறக்கட்டளையின் ஆலோசனை. சேலம் மாவட்டத்தில் லாரித் திருட்டுகள் பற்றி. பழைய அத்தியாயம் இதற்குப் பொருந்தவில்லை என்பதால் எடுத்துவிட்டேன். அச்சடித்த பிரதிகளையும் அறக்கட்டளை திரும்ப வாங்கிக்கொண்டது. உதவித்தொகையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாமா கேட்டவற்றைத் தனி உறையில் அனுப்பிவிட்டேன். மாமாவுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
சென்னிமலை


அகத்திப்பாளையம்
20-12-1980

தம்பி சென்னிமலைக்கு,

கை மடங்க ஆரம்பித்திருக்கிறது. எழுத்துக் கோணலாகத்தான் வரும். எப்படியாவது படித்துக்கொள்.

காய்ச்சல் குறைந்ததா?

கோர்ட்டுக்கு மாமா ஒரு பக்கமும் கந்தவேல் ஒரு பக்கமுமாக என்னைக் கூட்டிப் போனார்கள். கூப்பிடும் வரை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ரயிலடியிலிருந்து வந்த ஒவ்வொரு குதிரை வண்டியிலும் நீ இறங்குகிறாயா என்று பார்த்தேன். நீ வந்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டால், கருப்பணார் என்ன, எமனே வந்தாலும் பார்த்ததைச் சொல்லிவிடுவது என்று மனத்தில் முடிவு செய்து வைத்திருந்தேன். இது மாமாவுக்குக் கூடத் தெரியாது. முன் பெஞ்சில் மோகனூர்க்காரர்தான் உட்கார்ந்திருந்தார்.

அரசாங்க வக்கீல், “அன்னைக்குச் சாயங்காலம் யாரைப் பாத்தீங்கம்மா?” என்றார்.

“நான் யாரையும் பாக்கலீங்க” என்றேன்.

“போலீசுல சொன்னீங்களே?”

“நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. அவிகளா எழுதிக்கிட்டாங்க.”

அவர் நீதிபதியிடம் திரும்பி, “இவரைப் பிறழ்சாட்சியாக அறிவிக்க வேண்டுகிறேன்” என்றார். அங்கே எங்கள் ஊர் ஆட்கள் நிறைய இருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நீ சொல்லிக் கொடுத்தது. ஏன் மாற்றிச் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். நிஜம்தான். என்னையும் யாரும் கேட்கவில்லை.

பையன்கள் இரண்டு பேரும் ஊருக்கு வந்துவிட்டார்கள். கிடா வெட்டினார்கள். நானும் பரிமாறினேன்.

செங்கோடன் களவாணி இல்லை என்று எங்கயோ ஒரு மூலையில் எழுதியிருந்தால் போதும் என்றாள் குப்பாயி. அந்தப் பத்தியையும் எடுத்துவிட்டாயாமே. என் கடிதங்கள் வந்த உறையை மாமா அடுப்பில் போட்டுவிட்டார். இனி அது எங்கும் இல்லை.

என்னை நான்கு பேர் பிடித்துக்கொண்டு அமுக்க வைத்தார்கள். உள்ளங்கையில் அடையாளம் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு நான் அதையாவது காட்டலாம். நீ விளக்கடியில் உட்கார்ந்து உன் கையை ஒரு தடவை விரித்துப் பார். சுத்தமாக இருக்கும். உன்னை யாரும் சூடம் அணைக்கச் சொல்லவில்லையே, சாமி.

அக்கா
வள்ளியாத்தாள்